தலைவி கூற்று

வாசுதேவநல்லூர்
12-8-38

வல்லிநாயகம் அவர்களுக்கு,

முத்துவடிவு எழுதுவது. இவ்விடம் யாவரும் சுகம் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும், அதனால் அதை விட்டுவிடுகிறேன். தாணு அண்ணனின் சிநேகிதர் என்ற முறைக்கு உங்களையும் அண்ணன் என்றுதான் எழுத வேண்டும். அது எனக்கு முன்பே வராது. இப்போது சுத்தமாக வரவில்லை.

இந்தக் கடிதம் நூர்நிஷா பேருக்கு வரும். அவள் தன் அண்ணன் சேக் மைதீனிடம் கொடுப்பாள், அவர் தன் வாப்பாவின் பைண்டிங் கடைக்கு நீங்கள் வரும்போது கொடுப்பார். பதிலும் அதே வழியில் வரட்டும். உறையின் மேல் விலாசத்தை மட்டும் நூர்நிஷா எழுத வேண்டும். இங்கே மாமாவின் கண் உறையோடு நின்றுவிடும், அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

என்னை ஏன் தென்காசியிலிருந்து இங்கே கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். தாணு எதைச் சொன்னானோ, எதை விட்டானோ. நானே சொல்லிவிடுகிறேன்.

நம் கையெழுத்துப் பத்திரிகை 'மந்தி'யின் ஆடி மாத இதழ் உங்கள் டிரில் மாஸ்டர் வீட்டுக்குப் போனது. எட்டாவது வீடு. நாம் எல்லோரும் அந்த இதழைப் பன்னிரண்டு வீட்டுக்கும் இரண்டிரண்டு நாள் அனுப்புவதும், படித்தவர்கள் கடைசித் தாளில் அபிப்பிராயம் எழுதுவதும் எவ்வளவு பெருமையாக இருந்தது! அந்தக் கடைசித் தாளில் எந்தப் புண்ணியவானோ பென்சிலால் எழுதியிருக்கிறான்: 'பூங்கொடியின் பாட்டு பிரமாதம். இந்தப் பெண் யார்? அடுத்து எப்போது சிற்றருவிக்குக் குளிக்க வருவாள்?' டிரில் மாஸ்டர் அதைப் படித்துவிட்டு, தமிழ்ப் பண்டிதர் மகன் நடத்தும் பத்திரிகை என்பதால் நேரே அப்பாவிடம் கொண்டுவந்து கொடுத்தார்.

அட்டையில் 'எழுத்து: தாணு' என்று போட்டிருந்தால் ஆயிற்றா? தாணு எழுதினால் கோழி கிளறியது போல இருக்கும் என்று அப்பாவுக்குத் தெரியாதா? அவருடைய பாடக் குறிப்புகளை எல்லாம் படியெடுத்துக் கொடுப்பவள் நான். முதல் பக்கத்தைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார்.

"ஏட்டி, இது யாரு எழுத்து?"

"எழுத்து என்னோடதுதான்ப்பா. பாட்டு என்னோடது இல்ல."

"பொறவு யாரோடது?"

நான் சொல்லவில்லை. நீங்களே வந்து சொல்வீர்கள் என்று நினைத்தேன். அன்று சாயந்திரம், மறுநாள், அதற்கு மறுநாள் என்று வாசல் பக்கமே காதை வைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் மாமா வந்து பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அப்பா அந்த இதழை அடுப்பில் போட்டார், கூடவே என் எட்டாம் வகுப்புப் புஸ்தகங்களையும். அடியைப் பற்றி எழுதவில்லை, அது ஆறிவிட்டது.

நான் பேரைச் சொன்னால், ஒரு பையன் எனக்குப் பாட்டெழுதினான், நான் அதை அழகாகப் படியெடுத்தேன் என்று ஆகும். நீங்கள் சொன்னால், ஒரு மாணவன் பாட்டெழுதிப் பழகினான் என்று ஆகும். ஒரே விஷயம்தான், யார் வாயிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து இருக்கிறது. அதனால் வாயைத் திறக்க வேண்டியவர் நீங்கள்.

முத்துவடிவு


தென்காசி
21-8-38

அன்புள்ள முத்துவடிவுக்கு,

உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று எண்ணவில்லை. ஒவ்வொரு வரியும் நெருப்பாகச் சுட்டது. நீ இல்லாத தென்காசி ஊராகவே இல்லை. கோபுர வாசலில் அடிக்கிற காற்றுகூட உன் பெயரைக் கேட்டுக்கொண்டு திரிவது போலத் தோன்றுகிறது.

வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டுக்கு வந்தேன். சத்தியமாக வந்தேன். ஐயா விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்கள். "என்னலே?" என்றார்கள். சொல்ல வேண்டியதெல்லாம் தொண்டை வரை வந்துவிட்டது. "தாணு இருக்கானா ஐயா?" என்று கேட்டேன். "இல்ல" என்றார்கள். திரும்பிவிட்டேன். இன்னொரு முறை வருவேன், சந்தேகம் வேண்டாம்.

என் நிலைமையையும் நீ கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும். எங்கள் அப்பாவின் குணம் ஊரறிந்தது. இது அவர் காதுக்குப் போனால், "படிச்சுக் கிழிச்சது போதும்லே" என்று ஆய்க்குடி வயலில் கொண்டுபோய் நடவு பார்க்க உட்கார்த்திவிடுவார். எஸ்.எஸ்.எல்.சி. எழுத இன்னும் ஏழு மாதம்தான் இருக்கிறது. காலாண்டுப் பரீட்சை முடியட்டும். ஐயாவும் கொஞ்சம் ஆறட்டும்.

'மந்தி' நின்றுபோய்விட்டது. சேக் மைதீன் அட்டைக்கு வரைந்து வைத்திருந்த குரங்குப் படத்தை எடுத்துத் தன் கடைச் சுவரில் ஒட்டிவிட்டான். வருகிறவர்கள் எல்லாம் அவனையும் படத்தையும் மாறி மாறிப் பார்க்கிறார்கள். தாணு என்னோடு சரியாகப் பேசுவதில்லை. போன ஞாயிறு நாங்கள் ஐந்தருவிக்குப் போனபோதும் அவன் வரவில்லை. சீசன் முடியப்போகிறது, ஆனாலும் தண்ணீர் குறையவில்லை. நீ இருந்திருந்தால் என்று நினைத்தேன், என் கண்ணும் அருவியாயிற்று.

ஒன்று கேட்க வேண்டும். படியெடுத்த பிறகு அசல் தாளைக் கிழித்துவிட வேண்டும், யார் எழுதியது என்று யாருக்கும் தெரியக்கூடாது என்பது நம் பத்திரிகையின் சட்டம் அல்லவா? நான் எழுதிக் கொடுத்த தாளைக் கிழித்துவிட்டாய்தானே?

என்றும் உன்,
வல்லிநாயகம்


வாசுதேவநல்லூர்
10-9-38

வல்லிநாயகம் அவர்களுக்கு,

கிழித்துவிட்டேன். நிம்மதியாகத் தூங்குங்கள்.

உங்கள் கடிதத்தில் காற்று என் பெயரைக் கேட்கிறது, கண் அருவியாகிறது. காற்று கேட்க வேண்டாம். நீங்கள் அப்பாவிடம் ஒரு வாக்கியம் சொன்னால் போதும்.

இங்கே என் நாளைக் கேளுங்கள். விடிந்ததும் தோட்டத்துக் கிணற்றிலிருந்து ஆறு குடம். பிறகு அத்தையின் நாலு பிள்ளைகளுக்கும் தலைசீவிப் பின்னல். மத்தியானம் பருத்தியில் தூசி எடுப்பது. என் வாயாடித்தனத்தை எல்லாம் அந்தப் பருத்தியிடம்தான் காட்டுகிறேன். அத்தை கெட்டவள் இல்லை. ஆனால் யாராவது வந்தால் என்னை உள்ளே போகச் சொல்லிவிட்டு, மெதுவாக, "அது ஒரு பாட்டு எழுதிட்டுல்லா, அதான்" என்று சொல்லுகிறாள். கொலை செய்தவளைப் பற்றிச் சொல்வது போல அந்தக் குரல்.

நானும் முட்டாள்தான். கதை, கட்டுரை என்று 'மந்தி'க்காக வைத்த பிஸ்கட் டப்பாவில் வந்து விழும் தாள்களில் உங்கள் எழுத்து எது என்று எனக்கு மட்டும் தெரியும். ஓரத்தில் பொடியாக, 'பிழை இருந்தால் படியெடுப்பவர் திருத்தலாம்' என்று எழுதுவீர்கள். நான் திருத்தி, 'ஒற்று மிகும், இதுகூடத் தெரியாதா?' என்று ஒரு சீட்டில் எழுதி டப்பாவோடு திருப்பி அனுப்புவேன். அடுத்த மாதம் வேண்டுமென்றே ஒற்றை விட்டு எழுதுவீர்கள். ஒரு வருஷம் நாம் பேசிக்கொண்டது அவ்வளவுதான். அப்புறம் ஆனியில், அப்பா உங்கள் வகுப்பையும் எங்களையும் சேர்த்துக் குற்றாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போன அன்று, சிற்றருவியில் குளித்துவிட்டு நானும் நூர்நிஷாவும் ஈரத்தோடு படியேறி வரும்போது நீங்கள் எதிரில் வந்தீர்கள். கையில் ஒரு மங்குஸ்தான் பழம். என்னிடம் நீட்டிவிட்டு ஓடியே போய்விட்டீர்கள். அந்த மாதம் டப்பாவில் 'பூங்கொடி' என்ற பெயரில் அந்தப் பாட்டு வந்தது. சாரலில் சேலை நனைந்த பெண் தோழியிடம் சொல்வதாக.

படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை இன்று சொல்லிக்கொள்ள எனக்கே வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

நீங்கள் ஏன் பெண் சொல்வதாக எழுதினீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆம்பிளைப் புலவர்கள் தலைவி பேசுவது போலப் பாடுவது மரபு, அதற்குத் தலைவி கூற்று என்று பெயர் என்று உங்களுக்கு வகுப்பில் சொல்லிக் கொடுத்தது யார்? என் அப்பா! முந்நூறு பாட்டு மனப்பாடமாகச் சொல்லுகிற அவருக்கு, தன் மகளின் கையெழுத்தைக் கண்டதும் ஒரு மரபும் ஞாபகம் வரவில்லை. நீங்கள் ஞாபகப்படுத்தினால் அவருக்கு அந்த க்ஷணமே விளங்கும். அதற்குத்தான் கெஞ்சுகிறேன்.

உங்களுக்கு வார்த்தை வராவிட்டால் நானே எழுதித் தருகிறேன், மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 'ஐயா, அந்தப் பாட்டு நான் எழுதியது. நீங்கள் நடத்திய பாடப்படி தலைவி கூற்றாக எழுதிப் பார்த்தேன். முத்துவடிவு படியெடுத்தது மட்டும்தான்.' அவ்வளவே. மங்குஸ்தானைச் சொல்ல வேண்டாம்.

எட்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் பேர் கொடுக்க நவம்பர் கடைசி வரை நாள் இருக்கிறது. பரீட்சை தேறினால்தான் பாளையங்கோட்டையில் டிரெயினிங்குக்கு எடுப்பார்கள். நான் டீச்சராக வேண்டும் என்று அப்பாவே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர். நவம்பருக்குள் நான் தென்காசிக்கு வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

முத்துவடிவு


தென்காசி
14-10-38

அன்புள்ள முத்துவடிவுக்கு,

காலாண்டுப் பரீட்சை முடிந்தது. தமிழில் நான்தான் முதல். ஐயா வகுப்பிலேயே என் விடைத்தாளை வாசித்துக் காட்டினார்கள். அந்த நேரத்தில் எழுந்து சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். நாற்பது பேர் நடுவில் உன் பெயரை இழுப்பது முறையல்ல என்று அடக்கிக்கொண்டேன்.

நீ எழுதிக் கொடுத்த வாக்கியத்தை மனப்பாடம் செய்தேன். ஆனால் ஒரு சங்கடம். உன்னிடம் ஒளிப்பானேன்? 'அந்தப் பாட்டு நான் எழுதியது' என்று எப்படிச் சொல்வது? கடைசிச் செய்யுளில் நான் எழுதியிருந்த இரண்டு அடியை நீ அடித்துவிட்டு உன் அடிகளைப் போட்டாய். இதோ,

சாரல் நனைத்தது சேலையைத் தோழி – அவன்
பார்வை நனைத்தது நெஞ்சையடி!
சேலை உலர்ந்திடும் மாலைக்குள் தோழி – இந்த
நெஞ்சை உலர்த்த வெயிலேதடி?

முதல் இரண்டும் என்னுடையவை. பின் இரண்டும் உன்னுடையவை. பார்க்கப்போனால் ஐயாவுக்குக் கோபம் வந்ததே அந்தக் கடைசி இரண்டு அடியால்தான் என்று தாணு சொன்னான். "நெஞ்ச ஒலத்த வெயிலு கேக்காளாக்கும்" என்று சொல்லிச் சொல்லி அடித்தார்களாம். அப்படியிருக்க, முழுப் பாட்டும் என்னுடையது என்று நான் அவர்கள் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வேண்டுமா? குருவிடம் பொய் சொல்ல என் மனம் இடம் தரவில்லை. பாதி உண்மையைச் சொன்னால் உனக்குத்தான் இன்னும் கெடுதல்.

ஆனால் நான் சும்மா இருந்துவிடவில்லை. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். போன திங்கட்கிழமை ஐயாவுக்கு ஒரு கார்டு எழுதிக் கடையநல்லூர்த் தபாலில் போட்டுவிட்டு வந்தேன், சைக்கிளிலேயே போய். 'தங்கள் புதல்வி குற்றமற்றவள். பாட்டை எழுதியது வேறு ஒரு நபர். அவளைத் தண்டிக்க வேண்டாம். இப்படிக்கு, நியாயம் அறிந்தவன்.' இடது கையால் எழுதினேன், அதனால் எழுத்து அடையாளம் தெரியாது. விஷயமும் தெரிந்துவிட்டது, யாருக்கும் கெடுதலும் இல்லை. நீ சீக்கிரமே வந்துவிடுவாய் என்று நம்புகிறேன்.

என்றும் உன்,
வல்லிநாயகம்


வாசுதேவநல்லூர்
9-11-38

வல்லிநாயகத்துக்கு,

இதுவரை உன்னை நீங்கள் என்று எழுதிவந்தேன். அந்த மரியாதையை இடது கையால் நீயே துடைத்துவிட்டாய்.

மொட்டைக் கடுதாசி போட்டிருக்கிறாய். அதுவும் கார்டில்! தபால்காரர் படித்து, பக்கத்து வீட்டில் படித்து, கடைசியில்தான் அப்பா படித்தார். அவருக்கு அதிலிருந்து என்ன விளங்கியது தெரியுமா? அடுத்த பஸ்ஸில் இங்கே வந்துவிட்டார். என்னை எதிரே நிறுத்திக்கொண்டு, "ஒனக்கு வக்காலத்து வாங்கக் கடையநல்லூர்ல ஒருத்தன் இருக்கானாட்டி? இன்னும் எந்தெந்த ஊர்ல எவனெவன் இருக்கான்?" என்று கேட்டார். அடிக்கவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது, அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. பாட்டெழுதினால் என்ன, திரும்பப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாமே என்று அம்மா மெல்லப் பேசி வைத்திருந்தாளாம். கார்டு வந்த பிறகு அந்தப் பேச்சு நின்றுவிட்டது.

எனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. சுரண்டையில் வத்தல் வியாபாரம். முப்பத்தைந்து வயது. முதல் சம்சாரம் பிரசவத்தில் போய்விட்டாளாம். தை மாதம் முகூர்த்தம். மாமாதான் பார்த்தார், விசாரிக்காமல் கட்டிக்கொள்ள ஆள் கிடைத்ததே பெரிது என்றார்.

குருவிடம் பொய் சொல்ல உனக்கு மனம் இடம் தரவில்லையாம். படித்துவிட்டுப் பருத்திக் குவியல்மேல் உட்கார்ந்து சிரித்தேன், அத்தை பயந்துபோய் விபூதி எடுத்துக்கொண்டு வந்தாள். ஆமாம், அந்த இரண்டு அடி என்னுடையதுதான். நீ எழுதியிருந்தது என்ன என்பது ஞாபகம் இருக்கிறதா? 'வெண்ணெய்போல் உருகினேன் விரகத்தாலே.' அதைப் படியெடுக்கக் கை கூசியது, அதனால் மாற்றினேன். அதற்கு உண்டான அடியை நான் வாங்கிவிட்டேன். உன் பங்கையும் சேர்த்தே வாங்கினேன். மிச்சம் இருப்பது நீ சொல்ல வேண்டிய ஒரு வாக்கியம். இரண்டு அடி போக மீதிப் பாட்டு என்னுடையது என்று சொல்லேன். கணக்கில் அவ்வளவு சுத்தமானவன் அப்படிச் சொல்லக்கூடாதா?

பரீட்சைக்குப் பேர் கொடுக்கும் நாள் இந்த மாதத்தோடு போகிறது. போகட்டும், அடுத்த வருஷம் எழுதலாம். தாலி ஏறிவிட்டால் அடுத்த வருஷமும் இல்லை.

மார்கழித் திருவாதிரைக்குக் குற்றாலத்துக்கு வருகிறோம், மாமா, அத்தை, நான். அப்பாவும் அம்மாவும் தாணுவும் தென்காசியிலிருந்து வருகிறார்கள். சித்திரசபையில் காலையில் தரிசனம் முடிந்ததும் அப்பா வழக்கம்போலக் குளத்துப் படியில் உட்காருவார். நீ வா. கோபமாக எழுதுகிறேனே தவிர, உன்னை நம்புவதை என்னால் இன்னும் நிறுத்த முடியவில்லை. வந்து சொல்லிவிடு. அதற்குப் பிறகு நீ என்னோடு பேசவே வேண்டாம், எனக்குப் படிப்பு மட்டும் திரும்பக் கிடைத்தால் போதும்.

முத்துவடிவு


தென்காசி
8-1-39

அன்புள்ள முத்துவடிவுக்கு,

நீ என்னைப் பார்த்தாய். பார்த்தாய் என்று எனக்குத் தெரியும். அதனால் வரவில்லை என்று நான் சொல்ல முடியாது.

விடியற்காலையிலேயே வந்துவிட்டேன். நீ பச்சைப் பாவாடையும் அரக்குத் தாவணியுமாக அத்தையின் பின்னால் நின்றாய். இளைத்துப் போயிருந்தாய். தரிசனம் முடிந்து ஐயா படியில் போய் உட்கார்ந்தார்கள். நான் நடந்து அவர்கள் எதிரே போய் நின்றேன். நீ பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தாய், கையில் இருந்த தேங்காய்மூடியைக் கீழே வைக்காமலே.

"வாலே வல்லிநாயகம். என்ன, களைச்சுப் போயிருக்க? பரீட்சைக்கு ராப்பகலாப் படிக்கியோ?" என்றார்கள். எவ்வளவு பிரியமாகக் கேட்டார்கள் தெரியுமா? அந்தப் பிரியத்தை எப்படி உடைப்பது?

"ஐயா, ஒண்ணு கேக்கணும்" என்றேன்.

"கேளு."

"யாப்புல ஒரு சந்தேகம் ஐயா."

அதற்கப்புறம் அரை மணி நேரம் அவர்கள் தளைகளைப் பற்றி விளக்கினார்கள். தரையில் விரலால் எழுதிக்கூடக் காட்டினார்கள். நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது நீ அங்கே இல்லை.

நான் கோழை. எழுதிவிட்டேன், போதுமா? எனக்குப் பதினேழு வயது. என் வீட்டில் என் பேச்சு எடுபடாது. ஐயாவிடம் சொல்லி, ஐயா எங்கள் அப்பாவிடம் சொல்லி, பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது நான் எல்லாவற்றையும் இழந்தால், அதனால் உன் கல்யாணம் நின்றுவிடும் என்று யார் உத்தரவாதம் கொடுப்பார்கள்? இரண்டு பேரும் கெடுவதைவிட ஒருவராவது தப்பித்தால் நல்லதல்லவா? இதை எழுதும்போதே எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரிகிறது. அடித்துவிட்டு வேறு எழுதலாம். எழுத வரவில்லை.

நான் திருநெல்வேலியில் இண்டர் படித்து, பிறகு பி.ஏ. படித்துப் பெரியவனாகி என் காலில் நிற்பேன். அன்று எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்வேன். உன்னைப் பற்றியே எழுதுவேன். அதுவரை உன் நினைவுதான் எனக்குத் துணை. முடிந்தால் ஒரு வரி எழுது.

வல்லிநாயகம்


சுரண்டை
19-11-39

வல்லிநாயகம் அவர்களுக்கு,

பத்து மாதம் கழித்து இந்த ஒரு கடிதம். நூர்நிஷாவை அடுத்த வாரம் மேலப்பாளையத்தில் கட்டிக் கொடுக்கிறார்கள், அதனால் இதுதான் கடைசி. பதில் எழுத உங்களுக்கும் வழி இல்லை.

தலைதீபாவளிக்குத் தென்காசிக்குப் போயிருந்தோம். என் வீட்டுக்காரருக்குக் கதைப் பத்திரிகை என்றால் உயிர். வத்தல் மூட்டைமேல் உட்கார்ந்தாவது படித்துவிடுவார், சாப்பிட்டு முடித்ததும் எனக்கும் வாசித்துக் காட்டுவார். நல்ல மனுஷர்தான். ரெயில்வே ஸ்டேஷனில் இறங்கியதும் மெட்ராஸ் தீபாவளி மலர் ஒன்றை வாங்கிக்கொண்டார். தீபாவளி அன்று இட்லி சாப்பிட்டுவிட்டு, அப்பா, தாணு எல்லோரும் கூடத்தில் இருக்கும்போது அதைப் பிரித்தார்.

"ஏளா, இங்க வா. உங்க ஊர்ப் பயலாம்லா! கவிதைப் போட்டியில மொதப் பரிசாம். பவுண்டன் பேனா குடுத்திருக்கான். கேளு, பொம்பள பேசுத மாதிரியே எழுதியிருக்கான்."

வாசித்தார். பூங்கொடி இல்லை, 'தென்காசி எஸ். வல்லிநாயகம்' என்று உங்கள் முழுப் பெயர். படம்கூடப் போட்டிருந்தார்கள், நெற்றியில் விபூதியோடு. நாலு செய்யுளும் ஒரு எழுத்து மாறாமல் இருந்தது. கடைசி இரண்டு அடியும் அப்படியே இருந்தது. முழுப் பாட்டும் என்னுடையது என்று சொல்ல உங்கள் மனம் இடம் கொடுத்துவிட்டது போலும்.

"நெஞ்சை உலர்த்த வெயிலேதடி... அடடா!" என்று அவர் இரண்டு முறை சொன்னார். "சின்னப் பயலுக்கு என்ன ஞானம் பாத்தேளா மாமா?"

அப்பா புஸ்தகத்தை வாங்கிப் பார்த்தார். அவருக்கு அந்தப் பாட்டு மறந்திருக்காது. ஒரு தடவை என்னைப் பார்த்தார். பிறகு முதலிலிருந்து கடைசி வரை மெதுவாக வாசித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. தலைவி கூற்று. நான் கிளாஸ்ல நடத்துனதுதான். பய கெட்டிக்காரன்" என்றார்.

எனக்கு அப்போது என்ன வந்ததோ தெரியவில்லை. "அந்தக் கடைசி ரெண்டு அடி நான் எழுதினது" என்றேன். கூடத்தின் நடுவில் நின்று, எல்லோரும் கேட்கச் சொன்னேன். நீங்கள் சொல்லப் பயந்த அதே அப்பாவின் எதிரில்தான் சொன்னேன்.

வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். கேலியாக அல்ல, பிரியமாகத்தான். "ஒனக்குப் பாட்டும் வருமாக்கும்?" என்றார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் சொன்னால் நம்புவார்கள். அப்பா புஸ்தகத்தை மூடி மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டு, "அவளுக்குக் கையெழுத்து நல்லாருக்கும் மாப்பிள்ள. அம்புட்டுதான்" என்றார். தாணு எழுந்து வெளியே போய்விட்டான்.

அந்த இரண்டு அடிக்காக என்னை அடித்தார், பள்ளிக்கூடத்தை நிறுத்தினார். அப்போது நான்தான் எழுதினேன் என்று அவருக்குச் சந்தேகமே இல்லை. இன்று அது பரிசு வாங்கிய பாட்டு, அதனால் என்னால் எழுதியிருக்க முடியாது.

சாயந்திரம் கிணற்றடியில் தனியாக இருக்கும்போது அப்பா வந்தார். துவைகல்லில் உட்கார்ந்தார். பிறகு, "அன்னைக்கே அவன் பேரச் சொல்லியிருக்கலாம்லா, முத்து?" என்றார். குற்றம் கடைசியில் என்னிடமே வந்து சேர்ந்தது. நான் வாளியைக் கிணற்றில் இறக்கினேன்.

உங்களுக்கு வாழ்த்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை, திட்டவும் எனக்குத் தெம்பில்லை. வயிற்றில் ஐந்து மாதம். பரீட்சை, பாளையங்கோட்டை எல்லாம் இப்போது வேறு யாருடைய ஆசையோ போல இருக்கிறது. ஒன்று மட்டும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. 'அந்தப் பாட்டு நான் எழுதியது' என்று நீங்கள் சொல்வதற்காகக் குளத்துப் படியில் தேங்காய்மூடியோடு நின்றேன். அதே வாக்கியத்தைத்தான் இப்போது ஊர் உலகத்துக்கே சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் அப்பாவும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். கேட்டவர்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள், என் அப்பா உள்பட. அது அவ்வளவு சுலபமாக இருந்திருக்கிறது.

முத்துவடிவு